மூணு ஊசி போட்டும் கொரோனா வந்துச்சே, அப்ப ஊசி எதுக்கு?

27.05.2025, இரவு

இந்தக் கேள்வியை இன்று காலை கேட்டவர் எதிர்வீட்டு அக்கா. டிவியில் மறுபடியும் கொரோனா செய்தி. என்பி.1.8.1 என்ற புது வகை ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஒருவருக்கு இருந்தது தெரியவந்திருக்கிறது, குஜராத்தில் எல்எஃப்.7 நான்கு பேருக்கு. அக்கா மூன்றாவது ஊசியை 2022 ஆகஸ்டில் இலவசமாகப் போட்டபோது போட்டுக்கொண்டவர். 2023 ஏப்ரலில் அவருக்குக் கொரோனா வந்தது. "வைரஸ் மாறிக்கிட்டே இருக்கு, ஊசி அதே ஊசி. அப்புறம் எதுக்குக் குத்திக்கணும்?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்தார். அம்மாவுக்கு 71 வயது, 20 வருடமாகச் சர்க்கரை. அவருக்கு வேண்டியது ஒரே பதில்தான்: "நான் இன்னொண்ணு போடணுமா, வேண்டாமா?"

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். எனக்கே சட்டென்று சொல்லத் தெரியவில்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

என் முதல் பதில் இது. ஊசி நோயே வராமல் தடுக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டதுதான் தப்பு. அது ஆளைக் காப்பாற்ற வந்தது. மாறிய வைரஸ் காய்ச்சலைத் தரும், ஆனால் மூச்சுத் திணறலுக்குக் கொண்டுபோவது குறையும். இதில் எனக்கு ஒரு கோபமும் உண்டு. 2021 மே மாதம் இரண்டு தவணைக்கு நடுவே இருந்த இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று நீட்டினார்கள். டெல்டா வகைக் கொரோனா ஊரையே அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. என் சின்ன மாமா ஒரே ஊசியோடு அந்த மாதம்தான் போனார். இரண்டாவது ஊசி நேரத்துக்குக் கிடைத்திருந்தால் இருந்திருப்பார்.

28.05.2025, காலை

அம்மாவுக்கு நடந்ததையும் எழுதி வைக்கிறேன். முதல் ஊசி 2021 மார்ச் 17, இரண்டாவது மே 5, இரண்டும் கோவிஷீல்டு. 2022 பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் தொண்டை வலி, 101 டிகிரி காய்ச்சல். ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி மூன்று இரவு தூங்காமல் பார்த்தேன். 96க்குக் கீழே போகவே இல்லை. நான்காம் நாள் ரசஞ்சோறு கேட்டார். முன்னெச்சரிக்கைத் தவணை என்று சொன்ன மூன்றாவது ஊசி ஏப்ரலில்தான் போட்டோம், குணமாகி மூன்று மாதம் கழித்து.

"பூஸ்டர் முன்னாடியே போட்டிருந்தா வந்தே இருக்காது" என்று அப்போது தெருவில் பலரிடம் சொன்னேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன்.

30.05.2025

ஏன் சொல்ல மாட்டேன் என்பதற்கு வைரஸிலிருந்து தொடங்க வேண்டும்.

கொரோனா வைரஸின் மரபுத்தொடரில் கிட்டத்தட்ட 30,000 எழுத்து. அதில் ஒரு பகுதிதான் வெளியே முள் மாதிரி நிற்கும் ஸ்பைக் புரதத்துக்கான செய்முறை. கோவிஷீல்டு நம் உடம்புக்குக் காட்டியது அந்த ஸ்பைக்கை மட்டும்தான், அதுவும் வூஹானில் முதலில் கண்ட வடிவத்தை. உடம்பு அதைப் பார்த்து ஒரே வகை எதிர்ப்பொருளை, அதாவது வைரஸைப் பிடித்து நிறுத்தும் புரதத்தை (ஆன்டிபாடி), செய்யவில்லை. பல வகை செய்தது, ஒவ்வொன்றும் ஸ்பைக்கில் வெவ்வேறு இடத்தைப் பிடிக்கும். டெல்டாவில் சில இடங்கள் மாறின, சில பிடி நழுவின, மற்றவை போதுமானதாக இருந்தன. 2021 நவம்பரில் தெரியவந்த ஓமிக்ரானில் ஸ்பைக்கில் மட்டும் 30க்கு மேல் மாற்றம். அவற்றில் பல, எதிர்ப்பொருள் அதிகமாகப் பிடிக்கும் இடத்திலேயே. அதனால் இரண்டு ஊசி போட்டவர்களும் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலில் விழுந்தார்கள்.

ஆனால் நம் எதிர்ப்பு சக்தியில் டி செல் என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது. வைரஸ் புகுந்த செல் அதன் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி வெளியே காட்டும். டி செல் அந்தத் துண்டைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்கும். ஓமிக்ரானிலும் அந்தத் துண்டுகளில் பெரும்பாலானவை மாறவில்லை. வாசலில் தடுப்பவர்களை ஏமாற்றிய வைரஸ் வீட்டுக்குள் இருப்பவர்களிடம் மாட்டிக்கொண்டது. அம்மாவின் 96 அதனால்தான் என்று நினைக்கிறேன். ஓமிக்ரான் டெல்டாவைவிட நுரையீரலில் கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும் வகை என்பதும் சேர்ந்திருக்கும். ஒரே ஒரு அம்மாவை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

தென்னாப்பிரிக்காவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். புனேயிலிருந்து 10 லட்சம் டோஸ் 2021 பிப்ரவரி 1 அன்று அங்கே போய் இறங்கியது, நம் கோவிஷீல்டு அதேதான். ஒரே வாரத்தில் ஓர் ஆய்வு முடிவு வந்தது: அங்கே அப்போது பரவிய பீட்டா வகையால் வரும் லேசான, நடுத்தர நோயை இந்த ஊசி ஏறக்குறைய தடுக்கவே இல்லை. போடுவதை நிறுத்திவிட்டு வேறு ஊசிக்குப் போனார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் சுமார் 2,000 பேர், பெரும்பாலும் இளவயதினர். கடுமையான நோய் யாருக்கும் வரவில்லை. அதனால் ஊசி உயிரைக் காக்குமா காக்காதா என்று அந்த ஆய்வால் சொல்லவே முடியாது. வைரஸ் மாற்றத்தால் ஊசி தோற்றது என்று பேசுபவர்கள் இந்த உதாரணத்தைத்தான் எடுப்பார்கள். பாதிக்கு அவர்கள் சொல்வது சரி.

03.06.2025

நேற்றுப் பள்ளி திறந்தது. இன்று பிளஸ் டூ முதல் வகுப்பில் பாடம் எடுக்காமல் ஒரு வேலை கொடுத்தேன். 42 பேர், ஆறு வரிசை, வரிசைக்கு ஏழு. கடைசி பெஞ்சில் இருப்பவரிடம் அறுபது வார்த்தையில் ஒரு பத்தி. அரை நிமிடம் பார்த்து எழுதி முன்னால் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும், அவர் அதைப் பார்த்து எழுதி அடுத்தவரிடம். ஐந்து வரிசையில் யாரும் சரிபார்க்கக் கூடாது. ஆறாவது வரிசையில் மட்டும் கொடுக்கும் முன்பு பக்கத்தில் இருப்பவர் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆறாவது வரிசையில் முன்னால் வந்து சேர்ந்த தாளில் ஒரே பிழை. மற்ற வரிசைகளில் ஐந்து, ஏழு, ஒன்பது. வைரஸும் தன் மரபுத்தொடரை இப்படித்தான் படி எடுத்துப் பெருகுகிறது. ஃப்ளூ வைரஸுக்குச் சரிபார்க்கும் ஆள் கிடையாது. கொரோனா வைரஸுக்கு உண்டு, பிழையை வெட்டித் திருத்தும் நொதி ஒன்றை அதுவே வைத்திருக்கிறது. அதனால் படி எடுக்கும்போது கொரோனா செய்யும் பிழை ஃப்ளூவைவிடக் குறைவு. பிள்ளைகளுக்கு இது புரிந்தது.

ஆனால் எனக்குப் பிடித்தது மூன்றாவது வரிசைத் தாள். பிழைகளில் பெரும்பாலானவை வாக்கியத்தையே கெடுத்திருந்தன, படித்தால் அர்த்தமே இல்லை. ஒரே ஒரு பிழை மட்டும் அப்படி இல்லை. "குடலில் வாழும் புழுக்கள்" என்பது "கடலில் வாழும் புழுக்கள்" ஆகியிருந்தது. ஓர் உகரச் சுழி போயிருக்கிறது, அவ்வளவுதான். வாக்கியம் நன்றாகவே நிற்கிறது, போகும் இடம் மாறிவிட்டது. அதற்குப் பின்னால் எழுதிய நான்கு பேரும் சந்தேகமே படாமல் கடல் என்றே எழுதியிருக்கிறார்கள். பிழைத்து நிற்கும் மாற்றம் எப்படி இருக்கும் என்று இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

04.06.2025

அந்த வகுப்பு முடியும்போது ஒரு பையன் எழுந்து, "மிஸ், நாம ஊசி போட்டதாலதான் வைரஸ் மாறுச்சுன்னு அப்பா சொல்றாரு" என்றான். இல்லை என்று உடனே சொன்னேன். டெல்டா மகாராஷ்டிராவில் தோன்றியது 2020 அக்டோபரில். இங்கே முதல் ஊசி 2021 ஜனவரி 16 அன்று. ஆல்ஃபா, பீட்டாவும் ஊசிக்கு முன்னாலேயே வந்தவை. அவன் தேதியை எழுதிக்கொண்டான்.

பதில் பாதிதான் என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. பிழையை ஊசி உண்டாக்காது, அது படி எடுக்கும்போது தானாக வருவது. ஆனால் எந்தப் பிழை நிற்கும் என்பதில் நம் எதிர்ப்பு சக்திக்குப் பங்கு உண்டு. ஊரில் பெரும்பாலானவர்களுக்கு ஊசியாலோ நோய் வந்து போனதாலோ எதிர்ப்பொருள் வந்த பிறகு, அதிலிருந்து நழுவத் தெரிந்த வகைக்குத்தான் ஓட இடம் இருக்கும். ஓமிக்ரானும் அதற்குப் பின்னால் வந்தவையும் அப்படி ஓடியவை. அதே நேரம், நோய் வந்து போகட்டும் என்று விட்டால் வைரஸ் இன்னும் பல கோடித் தடவை படி எடுக்கும், பிழையும் அத்தனை வரும். நாளை அந்தப் பையனைக் கூப்பிட்டு இரண்டையும் சொல்ல வேண்டும்.

09.06.2025

ஆசிரியர் அறையில் இன்று விவாதம். இயற்பியல் சார் சொன்னார்: "செத்தவங்கள்ல மூணுல ஒருத்தர் ஊசி போட்டவர். இதுக்கு என்ன சொல்றீங்க டீச்சர்?"

அவர் சொல்வது பொய்யில்லை. தமிழ்நாடு காவல்துறைக் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) சென்னை தொற்றுநோய் நிறுவனம் செய்த ஆய்வு அது. 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை காவல்துறையில் கொரோனாவால் இறந்தவர்கள் 31 பேர். நான்கு பேர் இரண்டு ஊசி போட்டவர்கள், ஏழு பேர் ஒரு ஊசி, 20 பேர் ஊசியே போடாதவர்கள். 31இல் 11 என்றால் மூன்றில் ஒன்றுக்கும் மேல்.

கரும்பலகையில் அடுத்த வரியை எழுதினேன். மொத்தக் காவலர்கள் 1,17,524. இரண்டு ஊசி போட்டவர்கள் 67,673, ஒன்று போட்டவர்கள் 32,792, போடாதவர்கள் 17,059. இப்போது வகுத்துப் பாருங்கள் சார் என்றேன். லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் ஊசி போடாதவர்களில் 117, ஒரு ஊசியில் 21, இரண்டு ஊசியில் 6. அவரே சாக்பீஸை வாங்கி மறுபடி வகுத்தார். மரணத்தைத் தடுத்ததில் ஒரு ஊசி 82 சதவீதம், இரண்டு ஊசி 95 சதவீதம் என்று ஆய்வு சொன்னது இந்தக் கணக்கிலிருந்துதான். டெல்டா அலையின் உச்சத்தில்!

இதை அம்மாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. காவலர்கள் அம்மாவைவிட இளையவர்கள், ஊசி போட்டுச் சில வாரமே ஆனவர்கள். ஆனால் சாரிடம் நான் பேசியது மாறிய வைரஸிடம் ஊசி தோற்றதா என்ற கேள்வியை. அதற்கு இந்தக் கணக்கு போதும்.

10.06.2025

அந்த ஏழு பேர். ஒரு ஊசி போட்டு இறந்த ஏழு பேர். நேற்று எழுதும்போது அந்த எண்ணைத் தாண்டிப் போய்விட்டேன். இரவு முழுக்க மாமா ஞாபகம்.

15.06.2025

ஞாயிறு. மாமா வீட்டுக்குப் போனேன். ரேஷன் கார்டு, எல்ஐசி பத்திரம் வைக்கும் பச்சைப் பையில் அவருடைய தடுப்பூசிச் சான்றிதழை அத்தை பத்திரமாக வைத்திருக்கிறார், லேமினேட் செய்து. நான்கு வருடத்தில் நான் அதைக் கையில் எடுத்ததே இல்லை.

முதல் தவணை: 2021 ஏப்ரல் 12. அடுத்த தவணைக்கு அச்சிட்டிருந்தது: மே 24க்கும் ஜூன் 7க்கும் இடையில்.

மாமாவுக்குக் காய்ச்சல் தொடங்கியது மே 9. அத்தைக்கு அந்தத் தேதி மறக்காது. இடைவெளியை நீட்டிய அறிவிப்பு மே 13. மாமா போனது மே 21. பழைய கணக்குப்படியே இருந்திருந்தாலும் அவருடைய இரண்டாவது ஊசி மே 24க்கு முன்னால் வந்திருக்காது. அறிவிப்பு வந்த அன்று அவர் ஏற்கெனவே ஆக்சிஜன் படுக்கையில் இருந்தார்.

27ஆம் தேதி இங்கே எழுதியது தப்பு. நான்கு வருடம் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அறிவிப்பைத் திட்டும்போது துக்கத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது, அதனால் தேதியைப் பார்க்கத் தோன்றவில்லை. அத்தையிடம் சொன்னேன். அவர் சான்றிதழை வாங்கித் துடைத்து மறுபடி பையில் வைத்தார். "ஊசி போட்டு கை வலிக்குதுன்னு அன்னைக்கு வேலைக்குப் போகலை உங்க மாமா" என்று மட்டும் சொன்னார்.

இங்கிலாந்தில் அந்த நேரத்தில் எடுத்த கணக்கு ஒன்று உண்டு. டெல்டாவால் காய்ச்சல், இருமல் என்று அறிகுறியோடு வரும் நோயை இதே ஊசியின் ஒரு தவணை 30 சதவீதம்தான் தடுத்தது, இரண்டு தவணை 67 சதவீதம். ஆல்ஃபாவுக்கு இரண்டு தவணையில் 74. மாற்றத்தின் சேதம் முழுப் பாதுகாப்பு உள்ளவரிடம் சின்னது, பாதிப் பாதுகாப்பு உள்ளவரிடம் பெரியது. மாமா அந்தப் பாதியில் இருந்தார்.

22.06.2025

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தால், எல்லாப் பழியையும் வைரஸ் மாற்றத்தின் மேலேயே போட்டிருக்கிறேன். அது சரியில்லை.

டிடி ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணி குத்தினால் ஓடிப்போய்ப் போடுகிறோமே, அது. டெட்டனஸ் கிருமியின் நஞ்சு மாறவில்லை. இருந்தும் பத்து வயதில், 16 வயதில், கர்ப்பத்தில் மறுபடி போடுகிறார்கள். மாறியது கிருமி இல்லை. நம் ரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு குறைந்துவிட்டது. பூஸ்டர் தேவைப்பட இதுவே போதும்.

எதிர்ப்பக்கம் தட்டம்மை. அதுவும் சரிபார்க்கும் ஆள் இல்லாத வைரஸ்தான், பிழை ஏராளமாக வரும். ஆனால் அதன் தடுப்பூசி 1954இல் அமெரிக்காவில் ஒரு பள்ளி மாணவனிடமிருந்து எடுத்த வைரஸின் வாரிசு. இன்றும் அதே ஊசி வேலை செய்கிறது. 2017 பிப்ரவரியில் எங்கள் பள்ளியில் வரிசையாக நிற்கவைத்துப் போட்டது அந்த வம்சம்தான், வாட்ஸ்அப் வதந்தியில் பாதிப் பெற்றோர் பிள்ளையை அனுப்பாத அந்த ஊசி. தட்டம்மை வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் புரதத்தில் முக்கியமான இடத்தை மாற்றினால் அதனால் நுழையவே முடியாது. மாறிய வைரஸ் செத்துப்போகிறது. கொரோனாவின் ஸ்பைக்கோ நிறைய மாற்றினாலும் தாங்குகிறது.

இன்னொரு வித்தியாசம் நேரம். இதை நான் கவனிக்காமலே இருந்திருக்கிறேன். தட்டம்மை உள்ளே போய் காய்ச்சலாக வெளிவர பத்து நாள் ஆகும். அதற்குள், முன்பு பார்த்த கிருமியை ஞாபகம் வைத்திருக்கும் நினைவு செல்கள் விழித்துப் பெருகி எதிர்ப்பொருளை மறுபடி செய்துவிடும். ஓமிக்ரானுக்கு மூன்று நாள். நினைவு செல்கள் கிளம்பி வருவதற்குள் தொண்டை வலி வந்துவிடுகிறது. அவை வந்து சேர்ந்த பிறகுதான் நோய் நுரையீரலுக்குப் போகாமல் நிற்கிறது. தொண்டை வலியைத் தடுக்க ரத்தத்திலும் மூக்கிலும் எதிர்ப்பொருள் ஏற்கெனவே நிறைய இருக்க வேண்டும், அது சில மாதத்தில் குறைகிறது.

அக்காவுக்கு எட்டு மாதம் கழித்து வந்ததில் வைரஸ் மாறியதும் உண்டு, அளவு குறைந்ததும் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் எல்லாவற்றையும் "வைரஸ் மாறிடுச்சு" என்ற ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டோம். நானும்தான்.

05.07.2025

அப்படியானால் பூஸ்டர். பழைய வூஹான் ஊசியையே மூன்றாவது தடவை போட்டபோதும் ஓமிக்ரானிடம் பாதுகாப்பு ஏறியது. அளவு ஏறியது ஒன்று. இன்னொன்று, முதல் ஊசிக்கு அப்புறம் மாதக்கணக்கில் நிணநீர்க் கணுக்களில் எதிர்ப்பொருள் செய்யும் செல்கள் பழகிப் பழகித் தேறியிருந்தன, அவற்றில் சில மாறிய ஸ்பைக்கையும் பிடிக்கத் தெரிந்தவை. மூன்றாவது தவணை அவற்றை வெளியே கொண்டுவந்தது. ஆனால் காய்ச்சலைத் தடுக்கும் பலன் சில மாதத்தில் இறங்கியது, கடும் நோயைத் தடுப்பது அதைவிட நீண்ட நாள் நின்றது.

ஊசியையும் மாற்றிப் பார்த்தார்கள். அமெரிக்கா 2022 ஆகஸ்ட் கடைசியில் பழைய வடிவம் பாதி, ஓமிக்ரான் பாதி என்று கலந்த ஊசிக்கு அனுமதி தந்தது. பழையதைச் சேர்த்தால் உடம்பு முதலில் பார்த்த முகத்துக்கே மறுபடி எதிர்ப்பொருள் செய்யப் பார்க்கிறது என்ற கவலை இருந்தது. 2023 மேயில் உலக சுகாதார நிறுவனம் பழையதை விட்டுவிட்டு எக்ஸ்பிபி.1.5 என்ற ஓமிக்ரான் வாரிசை மட்டும் வையுங்கள் என்றது. அப்புறம் ஜேஎன்.1 என்ற அடுத்த வாரிசு. இந்த மேயிலும் அதே ஜேஎன்.1 குடும்பம் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். என்பி.1.8.1 அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். நம் ஊரிலும் புனேயின் ஜெனோவா ஓமிக்ரானுக்கென்று ஓர் ஊசி செய்து 2023 ஜூனில் அனுமதி வாங்கியது. நம்மில் பெரும்பாலோர் கையில் ஏறிய மூன்றாவது ஊசி பழைய வடிவம்தான்.

அம்மாவைச் சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப்போய் இதையெல்லாம் கேட்டேன். நிதானமாகச் சொன்னார். திடகாத்திரமான இளவயதினருக்கு வருடா வருடம் கொரோனா ஊசி தேவையில்லை. வயதானவர்கள், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், இவர்களுக்குப் புதிய வடிவ ஊசி கிடைத்தால் பலன் உண்டு. எங்கள் ஊரில் கேட்ட இரண்டு இடத்திலும் அது இல்லை. "அதுவரைக்கும் கூட்டத்துல மாஸ்க், காய்ச்சல் வந்தா முதல் நாளே வாங்க. ஃப்ளூ ஊசி போட்டிருக்கீங்களாம்மா?" என்றார். அம்மா போட்டதே இல்லை. எனக்குத் தோன்றியதும் இல்லை. வைரஸ் மாறுவதைப் பற்றி ஒரு மாதமாக எழுதுகிறேன், வருடா வருடம் மாறுவதற்கென்றே செய்யும் ஊசியை மறந்திருக்கிறேன்.

13.09.2025

ஃப்ளூ ஊசி இன்று போட்டாயிற்று. சென்னை, வேலூர் பக்கம் ஃப்ளூ உச்சம் அக்டோபர், நவம்பர் மழையில் என்பதால் செப்டம்பரில் போடச் சொன்னார் டாக்டர். உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி அடுத்த பருவத்துக்கு எந்த வகை என்று தேர்ந்தெடுக்கும். சில வருடம் கணிப்பு தவறும். 2014-15 குளிர்காலத்தில் அமெரிக்காவில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை வழிமாறிப் போய், ஊசியின் பலன் 19 சதவீதத்தில் நின்றது. அப்படியும் போடுகிறார்கள், அடுத்த வருடம் மறுபடி கூடுகிறார்கள்.

நர்சம்மா அட்டைப்பெட்டியைத் திருப்பி வருடத்தை எனக்குக் காட்டிவிட்டுத்தான் பிரித்தார். முன்பு நான்கு வகை இருக்கும், இப்போது மூன்று என்று நான் அம்மாவிடம் சொன்னேன். யமகாட்டா என்ற பி வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகத்தில் யாரிடமும் கிடைக்கவில்லை. கொரோனாவுக்காக நாம் முகத்தை மூடி வீட்டுக்குள் இருந்த காலத்தில் அது போயே போய்விட்டது.

"அடுத்த வருஷமும் வரணுமா?" என்று அம்மா கேட்டார்.

வரணும்மா என்றேன். வீட்டுக்கு வந்து தேதியைக் காலண்டர் அட்டைக்குப் பின்னால் எழுதினார், கேஸ் சிலிண்டர் தேதிக்குக் கீழே. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து எங்கே போட்டீங்க, எவ்வளவு என்று விசாரித்தார். திங்கட்கிழமை அவரையும் கூட்டிப்போகிறேன்.